கஞ்சா மனநோயை உண்டாக்குகிறதா? – ஒரு காரணத்தைத் தேடிய கதை

1893-ஆம் ஆண்டு மார்ச் மாதம். லண்டனில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் கேள்வி எழுப்பினார். வங்காளத்தில் கஞ்சா பயிரிடப்படுகிறதே, விற்கப்படுகிறதே. அதனால் மக்களுக்கு என்ன நேர்கிறது என்பதை அரசு விசாரிக்குமா? இக்கேள்வியின் பயனாக அவ்வாண்டே ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ஏழு உறுப்பினர்கள், அவர்களில் மூவர் இந்தியர். குழு நாடெங்கும் சென்றது. 1,193 பேர் சாட்சியம் அளித்தனர். 1894-இல் பல தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது.

'கஞ்சா புகைத்தால் சித்தம் கலங்கும்' என்ற நம்பிக்கை அன்றும் பரவலாக இருந்தது. அதற்குச் சான்றாக மனநோய்க் காப்பகங்களின் பதிவேடுகளையே எல்லாரும் காட்டினர். 1892-ஆம் ஆண்டில் அக்காப்பகங்களில் சேர்க்கப்பட்டோர் 1,344 பேர். அவர்களில் 222 பேருக்கு நோயின் காரணம் கஞ்சா முதலியவை என்று பதிவாகி இருந்தது. ஏறத்தாழ ஆறில் ஒருவர்! இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா என்று தோன்றும்.

ஆனால் குழுவினர் அத்துடன் நிற்கவில்லை. அந்தப் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்பியவர் யார் என்று கேட்டனர். பெரும்பாலும் மருத்துவர் அல்லர்! நோயாளியைப் பிடித்து வந்த போலீசார் சொன்னதே எழுதப்பட்டிருந்தது. அவரது முன்வரலாறு எவருக்கும் தெரியாத நிலையில், கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்பதற்காகக் 'கஞ்சா' என்று எழுதிவிடுவது எளிதாக இருந்தது. குழு 222 பேரின் விவரங்களையும் ஒவ்வொன்றாகத் துருவி ஆராய்ந்தது. முடிவில் கஞ்சாவோடு நியாயமாகத் தொடர்புபடுத்தக் கூடியவர்கள் 98 பேரே என்று கண்டது. அவர்களிலும் ஒரு பகுதியினருக்கு வேறு காரணங்களும் கலந்திருந்தன.

மாணவ நண்பர்களே, இதை இருவகையாகப் புரிந்துகொள்ளலாம். 'பார்த்தீர்களா, கஞ்சாவால் ஒன்றும் இல்லை' என்பது ஒன்று. '222 பொய்யாகலாம், 98 பொய்யாகவில்லையே' என்பது மற்றொன்று. முதல் முடிவுக்குக் குழுவே வரவில்லை. மிதமான பயன்பாடு பெரும்பாலோர் மனத்தைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. அளவு மீறிய பயன்பாடு தீங்கானது என்றே அது எழுதியது. எந்த அளவு, யாருக்கு, எந்த வயதில் என்பதை அறியும் கருவிகள் அன்று இல்லை. அவை நூறாண்டுகளில் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. அந்தக் கதையை இங்குப் பார்ப்போம்.

மனப்பிறழ்வு என்பது என்ன?

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். யாரும் பேசாதபோதே குரல்கள் கேட்கின்றன. தெருவில் போகும் இருவர் சிரித்தால், நம்மைப் பற்றியே சிரிக்கிறார்கள் என்ற உறுதி ஏற்படுகிறது. யாரோ தொடர்ந்து வருகிறார்கள், சோற்றில் ஏதோ கலக்கிறார்கள் என்ற அச்சம் பிடித்துக்கொள்கிறது. எத்தனை எடுத்துச் சொன்னாலும் அது அகல்வதில்லை. உண்மைக்கும் மனத்தோற்றத்துக்கும் இடையிலுள்ள கோடு அழிந்துபோகும் இந்த நிலையே மனப்பிறழ்வு. சிலருக்கு இது சில மணி நேரமோ சில நாட்களோ இருந்து நீங்கும். சிலருக்கு நீடித்து, 'மனச்சிதைவு' எனப்படும் ஸ்கிட்ஸோஃபிரினியா நோயாக வளரும்.

மனச்சிதைவு 1,000 பேரில் ஏறத்தாழ 7 பேரை வாழ்நாளில் என்றாவது தாக்குகிறது. பெரும்பாலும் பதினாறு வயதிலிருந்து முப்பது வயதுக்குள் தொடங்குகிறது. இது பேய் பிடித்ததும் அன்று, குணக்கேடும் அன்று. மூளையின் நோய். மருந்தால் கட்டுப்படுத்தக் கூடியது.

செடியில் உள்ள பொருள்

பாங்கு, கஞ்சா, சரஸ் மூன்றும் ஒரே செடியிலிருந்து கிடைப்பவை. பாங்கு இலையிலிருந்தும், கஞ்சா பூங்கொத்திலிருந்தும், சரஸ் பிசினிலிருந்தும் பெறப்படுகின்றன. அபினியிலிருந்து மார்ஃபின் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிக்கப்பட்டுவிட்டது. ஆனால் கஞ்சாவின் மயக்கத்துக்குக் காரணமான பொருள் பல்லாண்டு பிடிகொடுக்கவில்லை. 1964-இல்தான் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தைச் சேர்ந்த ரஃபேல் மெக்கூலம், யெஹியேல் கவோனி ஆகியோர் அதைத் தூய்மையாகப் பிரித்து அமைப்பையும் கண்டனர். டெட்ரா ஹைட்ரோ கன்னாபினால் என்பது அதன் பெயர். சுருக்கமாக டி.எச்.சி. ஆய்வுக்கான சரக்கு போலீசார் கைப்பற்றியதிலிருந்து வந்தது என்பது ஒரு சுவையான செய்தி!

ஒரு பூட்டு இருந்தால்தானே சாவி வேலை செய்யும்? 1988-இல் அமெரிக்காவில் ஆலின் ஹவுலெட்டும் வில்லியம் டெவானும் மூளையில் டி.எச்.சி. பொருந்தும் பூட்டு ஒன்று இருப்பதைக் காட்டினர். இத்தகைய பூட்டுகளை 'ஏற்பிகள்' என்கிறோம். உடனே ஒரு கேள்வி எழுந்தது. வெளியிலுள்ள ஒரு செடிக்காகவா நம் மூளை பூட்டு செய்து வைத்திருக்கும்? இராது. அப்படியானால் உடலே செய்துகொள்ளும் சாவி ஒன்று இருக்க வேண்டும். 1992-இல் அதுவும் கிடைத்தது. மெக்கூலத்தின் ஆய்வுக்கூடத்தில் பன்றியின் மூளையிலிருந்து அதைப் பிரித்தனர். அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டனர். ஆம், நமக்குத் தெரிந்த 'ஆனந்தம்' என்ற அதே வடசொல்தான்!

மைக் செட்டும் மூளையும்

பள்ளி ஆண்டு விழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு அருகே கொண்டுபோனால் என்ன ஆகிறது? 'கீ...' என்று காதைத் துளைக்கும் ஊளை எழுகிறது. ஒலிபெருக்கியின் ஒலி மைக்குக்குள் புகுந்து, பெருகி, மீண்டும் ஒலிபெருக்கி வழியே வந்து, மறுபடியும் மைக்குக்குள் போகிறது. மைக் செட்காரர் ஓடிவந்து குமிழைத் திருகி ஒலியைக் குறைக்கிறார்.

மூளையிலும் அத்தகைய குமிழ் உண்டு. ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்கு ரசாயனப் பொருள் மூலம் செய்தி அனுப்புகிறது. செய்தி மிகுந்துவிட்டால், அதைப் பெறும் செல் ஆனந்தமைடு போன்ற பொருளைச் சுரந்து எதிர்த் திசையில் அனுப்புகிறது. 'போதும், குறைத்துக்கொள்' என்பது அதன் பொருள். அனுப்பும் செல் அடங்குகிறது. இந்தப் பின்னோக்கிய செய்தி 2001-இல் உறுதிசெய்யப்பட்டது. இதன் நயம் என்னவென்றால், ஆனந்தமைடு தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில் மட்டும் சுரந்து, விரைவில் சிதைந்துவிடும்.

டி.எச்.சி. வந்தால்? மேடை தெரியாத, பாட்டுத் தெரியாத ஒருவர் எல்லாக் குமிழ்களையும் ஒரே சமயத்தில் பிடித்துத் திருகி, மணிக்கணக்கில் கையை எடுக்காமல் நிற்பதற்கு ஒப்பாகும். எல்லாம் அடங்கிவிடும் என்று எண்ணாதீர்கள். மூளையில் பிற செல்களை அடக்குவதையே தொழிலாகக் கொண்ட செல்களும் உண்டு. அவை வாயடைக்கப்பட்டால், அவை அடக்கி வைத்தவை கட்டவிழ்ந்து ஊளையிடும்.

இங்கே டோபமின் என்ற மற்றொரு பொருளும் வருகிறது. 'இது முக்கியம், கவனி' என்று நிகழ்ச்சிகளின்மீது முத்திரை குத்துவது அதன் பணிகளுள் ஒன்று. மனப்பிறழ்வில் இந்த முத்திரை பொருத்தமற்ற இடங்களில் விழுகிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எதிரே வந்தவர் இருமியதும், பேருந்தின் எண்ணும்கூட 'எனக்காகவே' நடந்தவையாகத் தோன்றுவது இதனால்தான் போலும்.

சோதனைக் கூடத்தில்

2004-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். மனநோய் ஏதுமற்ற 22 பேர் தாமாக முன்வந்து அதில் கலந்துகொண்டனர். அவர்களுக்கு ஒரு நாள் டி.எச்.சி. இல்லாத ஊசியும், மற்ற நாட்களில் 2.5 அல்லது 5 மில்லிகிராம் டி.எச்.சி. கலந்த ஊசியும் போடப்பட்டன. எந்த நாளில் எது என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. கவனித்துக் குறித்தவருக்கும் தெரியாது. டி.எச்.சி. ஏறிய நாட்களில் ஐயப்பாடு, சிந்தனைச் சிதறல், காலமும் ஒலியும் திரிந்து தோன்றுதல் ஆகியவை தோன்றின. சில மணி நேரத்தில் மறைந்தன.

எனவே டி.எச்.சி. சிறிது நேர மனப்பிறழ்வைப் போன்ற நிலையை உண்டாக்கக் கூடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நமது கேள்வி வேறு. அது பல்லாண்டு நீடிக்கும் நோயை உண்டாக்குமா? இதற்குச் சோதனை செய்ய முடியாது. ஆயிரம் மாணவர்களுக்குப் பத்தாண்டு கஞ்சா கொடுத்துப் பார்க்க எந்த அறநெறி இடம் கொடுக்கும்? அப்படியானால் என்ன வழி?

மூன்று ஐயங்கள்

மனநோயாளரிடையே கஞ்சா பயன்படுத்தியோர் அதிகம் என்று கண்டால், உடனே மூன்று ஐயங்கள் எழ வேண்டும்.

ஒன்று, பதிவு சரியா? 1892-ஆம் ஆண்டுப் பதிவேடு நமக்குப் பாடம்.

இரண்டு, எது முன், எது பின்? தவளை கத்துவதால் மழை பெய்கிறதா, மழையின் வருகையால் தவளை கத்துகிறதா? நோயின் தொடக்க வேதனையைத் தணிக்க ஒருவர் கஞ்சாவை நாடியிருக்கலாம்.

மூன்று, இரண்டுக்கும் பொதுவான காரணம் வேறு உண்டா? நுங்கு விற்பனை மிகும் மாதங்களில் கிணற்றில் மூழ்குவோரும் மிகலாம். அதற்காக நுங்கின்மீது பழி போடலாமா? இரண்டுக்கும் காரணம் கோடை. அதுபோல வறுமை, குடும்பத் துயரம், பிற போதைப் பொருள்கள், மரபு ஆகியவை கஞ்சாவுக்கும் நோய்க்கும் பொதுவான காரணங்களாக இருக்கலாம்.

இந்த ஐயங்களுக்கு விடை காண ஒரு வழி உண்டு. நோய் வருவதற்கு முன்பே ஆட்களைக் குறித்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும்.

ஸ்வீடனில் 1969-70-இல் ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களிடம் போதைப் பழக்கம் பற்றி எழுத்து மூலம் விவரம் பெறப்பட்டது. 45,570 பேரை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த முடிவு 1987-இல் வெளிவந்தது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு, தொடாதவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாக மனச்சிதைவு வந்திருந்தது. பயன்பாடு கூடக் கூட நோயும் கூடியது. 2002-இல் பிற காரணங்களை எல்லாம் கணக்கில் கொண்டு மறுபடியும் ஆராய்ந்தனர். ஆறு ஏறத்தாழ மூன்றாகக் குறைந்தது. ஆனால் ஒன்றாகக் குறையவில்லை. பொதுக் காரணங்கள் பாதியை விளக்கின, மீதி நின்றது.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்கின்றனர். 15 வயதுக்குள் கஞ்சாவைத் தொட்டவர்களில் 10 சதவீதத்தினருக்கு 26 வயதில் மனப்பிறழ்வு நோயின் அறிகுறிகள் இருந்தன. தொடாதவர்களில் 3 சதவீதம். பயங்கரமான வேறுபாடுதான். ஆனால் எண்ணிக்கையைக் கேளுங்கள். 15 வயதுக்குள் தொட்டவர்கள் 29 பேர். அவர்களில் பாதிக்கப்பட்டோர் 3 பேர்! இச்சிறுவர்களிடம் 11 வயதிலேயே சில அறிகுறிகள் கேட்டறியப்பட்டிருந்தன. அதைக் கணக்கில் கொண்டதும் வேறுபாடு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எஞ்சியது தற்செயலாக இருக்கலாமோ என்ற ஐயம் முழுதும் நீங்கவில்லை. தனியாக இந்த ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் வெவ்வேறு நாட்டு ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டும்போது அதற்கு எடை கூடுகிறது.

2019-இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்த ஆய்வு வெளிவந்தது. முதல்முறை மனப்பிறழ்வுக்கு உள்ளான 901 பேரை, அந்நோயில்லாத 1,237 பேருடன் ஒப்பிட்டனர். அன்றாடம் கஞ்சா பயன்படுத்துவோருக்கு மனப்பிறழ்வு வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. 10 சதவீதமோ அதற்கு மேலோ டி.எச்.சி. உள்ள கடுமையான சரக்கை அன்றாடம் பயன்படுத்துவோருக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு.

மரபணு ஆய்வுகள் மற்றொன்றையும் காட்டுகின்றன. மனச்சிதைவுக்குரிய மரபுச் சாய்வு உடையோர் கஞ்சாவைத் தொடுவதும் சற்று அதிகம். ஆக, அம்பு இரு பக்கமும் பாய்கிறது. நோய்ச் சாய்வு கஞ்சாவை நோக்கித் தள்ளுகிறது. கஞ்சா நோயை நோக்கித் தள்ளுகிறது.

எண்களைப் படிப்பது எப்படி?

'மூன்று மடங்கு' என்றதும் கஞ்சா தொட்டவர் எல்லாரும் நோயாளி ஆவார் என்று எண்ணிவிடக் கூடாது. தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம். 1,000 பேரில் 7 என்பது மூன்று மடங்கானால் 21. மீதி 979 பேருக்கு நோய் வரவில்லை. அதனால்தான், 'என் அண்ணனின் நண்பர் பத்தாண்டாகப் புகைக்கிறார், ஒன்றும் ஆகவில்லையே' என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது விடையும் ஆகாது. கூடுதலாக வந்த 14 பேரில் ஒருவராக யார் இருப்பார் என்பதை முன்கூட்டியே சொல்லும் சோதனை எதுவும் இல்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் ஆபத்து அதிகம் என்பது மட்டும் தெரியும்.

நாடு முழுவதையும் நோக்கினால் இச்சிறு எண்கள் பெரிதாகின்றன. டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை ஆராய்ந்து 2021-இல் ஒரு முடிவு வெளியிட்டனர். தொடர்பு உண்மையிலேயே காரணமாக இருந்தால், மனச்சிதைவு நோயில் கஞ்சாவுக்கு அடிமையாதலின் பங்கு 1995 வரை ஏறத்தாழ 2 சதவீதம். 2010-க்குப் பின் 6 முதல் 8 சதவீதம்.

ஏன் கூடியது? சரக்கு மாறிவிட்டது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் 1995-இல் டி.எச்.சி. சராசரி 4 சதவீதம். 2014-இல் 12 சதவீதம். தாத்தா காலத்துக் கஞ்சாவைப் பற்றிய அனுபவம் இன்றைய சரக்குக்குப் பொருந்தாது.

ஏன் உங்கள் வயதில்?

மூளை பதினெட்டு வயதில் வளர்ந்து முடிவதில்லை. இருபதுகளின் நடுப்பகுதி வரை திருத்தப்படுகிறது. அதிகமாக முளைத்த இணைப்புகளில் பயன்படாதவை கழிக்கப்படுகின்றன, பயன்படுபவை வலுவாக்கப்படுகின்றன. நாற்று நட்ட வயலில் களை எடுப்பது போன்ற வேலை இது. முன்யோசனை, தன்னடக்கம் ஆகியவற்றுக்குரிய முன்மூளைப் பகுதியில் இது கடைசியில் நடக்கிறது. மேலே சொன்ன ஆனந்தமைடு அமைப்பு இத்திருத்தத்திலும் பங்கு கொள்கிறது. களை எடுக்கும் வேளையில் அன்னியன் புகுந்து கலைத்தால் என்ன ஆகும்? எலிகளில் செய்த சோதனைகளில், இளம்பருவத்தில் டி.எச்.சி. தரப்பட்டவற்றின் முன்மூளையில், அது நிறுத்தப்பட்டு வளர்ந்த பின்னும் மாறுதல்கள் காணப்பட்டன.

'இது மூலிகைதானே, இயற்கையானதுதானே?' என்று கேட்பவர் உண்டு. ஊமத்தையும் அரளியும்கூட இயற்கையானவைதாம்! கஞ்சாச் செடியிலுள்ள கன்னாபிடையால் என்ற வேறொரு பொருள், கடுமையான சில வலிப்பு நோய்களுக்கு மருந்தாக 2018-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது உண்மையே. ஆனால் அது மயக்கம் தரும் பொருள் அன்று. அளவிட்டு, மருத்துவரின் கண்காணிப்பில் தரப்படுவது. தெருவில் மறைவாகக் கைமாறும் பொட்டலத்தில் எது எவ்வளவு உள்ளது என்று விற்பவருக்கே தெரியாது.

நண்பனுக்கு நேர்ந்தால்

ஃபின்லாந்தில் கஞ்சாவால் மனப்பிறழ்வு ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பின்தொடர்ந்தனர். எட்டு ஆண்டுகளுக்குள் அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு மனச்சிதைவு வகை நோய் உறுதியானது. எனவே 'போதை தெளிந்தால் சரியாகிவிடும்' என்று மறைத்து வைப்பது பெருந்தவறு. நண்பன் ஒருவன் திடீரென ஒதுங்கி, தூக்கம் இழந்து, யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சொன்னால் கேலி செய்யாதீர்கள். வாதாடி வெல்லவும் முயலாதீர்கள். அவனது பெற்றோரிடமோ, நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ சொல்லி மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் செய்யுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம். சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. கஞ்சாவை விட்டவர்களுக்கு நோய் திரும்பி வருவதும் குறைவு.

1894-இல் அந்தக் குழு கண்ட குறை என்ன? காரணம் தெரியாத இடத்தில் ஒரு சொல்லை எழுதி நிரப்பியது. இன்றும் அதே குறை இரு பக்கமும் உண்டு. 'கஞ்சா தொட்டால் பைத்தியம்' என்று அச்சுறுத்துவோர் ஒரு பக்கம். 'ஒன்றும் ஆகாது' என்று ஆசை காட்டுவோர் மறுபக்கம். இருவருமே கட்டத்தை அளந்து பாராமல் நிரப்புகிறவர்கள். அளந்தவர்கள் சொல்வது இதுதான்: எல்லாருக்கும் வராது, ஆனால் இளம் வயதில், அடிக்கடி, கடுமையான சரக்கைப் பயன்படுத்துவோருக்கு வாய்ப்பு பன்மடங்கு கூடும். மேடையில் ஊளை எழுந்தால் குமிழைத் திருகலாம். கெட்டுப்போன ஒலிபெருக்கியை மாற்றவும் செய்யலாம். மூளை விஷயத்தில் மாற்று வாங்கும் கடை எங்கும் இல்லை.